கயத்தாறில் போட்ட மொட்டை மனு

என் சகலை மேல் எனக்குப் பொறாமை. இதை இப்படி நேராக எழுத மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அதுவரை அதற்கு வேறு பெயர்கள் வைத்துப் பார்த்தேன். நியாயம் என்றேன். பொதுப்பணம் என்றேன். தட்டிக்கேட்க ஒருத்தன் வேண்டாமா என்றேன். ஒன்றும் ஒட்டவில்லை.

அவர் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். பசுவந்தனைக்குப் பக்கத்து ஊர். ஏழு ஏக்கர் கரிசல், முழுக்க மானாவாரி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், வருஷத்தைப் பொறுத்துக் கொத்தமல்லி. எனக்கு அப்போது கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைக்க வேண்டாம். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகை, குச்சி அடுக்கவும் பெட்டி அடைக்கவும் இருபத்திரண்டு பெண்கள், மேற்பார்வைக்கு நான். சின்னதுதான். ஆனாலும் முதலாளி.

சகலை எதற்கும் என்னிடம்தான் வருவார். பட்டாவில் பெயர் மாற்ற எங்கே போகணும், வரி என்றால் என்ன, புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்களாமே, அது நம்மை என்ன செய்யும், எல்லாம் கேட்பார். நான் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவன். விளக்கிச் சொல்வேன். அவர் காதில் வாங்கிக்கொண்டு, "அப்படியா அண்ணாச்சி" என்பார். அந்த "அப்படியா"வை நான் எவ்வளவு ருசித்திருக்கிறேன் என்பது அது நின்றுபோன பிறகுதான் தெரிந்தது.

ஊரடங்கில் கொட்டகையைப் பூட்டினேன். திரும்பத் திறந்தபோது அட்டை, மெழுகு, குச்சி மருந்து எல்லாம் விலை ஏறியிருந்தன. வடக்கே எங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டிருந்த வியாபாரி, கடைகளில் பிளாஸ்டிக் லைட்டர்தான் கேட்கிறார்கள் என்றான். முழு மிஷின் போட்ட பெரியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். நான் எட்டு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்தேன். அந்த இருபத்திரண்டு பேரும் எங்கே போனார்கள் என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்.

பிறகு தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் வைத்து மனுப் போட்டுக்கொடுக்கும் கடை ஆரம்பித்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டன. ஜனங்களுக்கு அலைச்சல் குறையட்டும் என்று கொண்டுவந்த மாற்றம். அது அவர்களை ஆபீஸ் வாசலில் இருந்து என் கடை வாசலுக்குக் கொண்டுவந்தது. என் பிழைப்பே அதில்தான் என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனாலும் சொல்லுவேன்.

சகலையும் அவர் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேரும் சேர்ந்து ஒரு விவசாயக் குழு ஆரம்பித்தார்கள். உளுந்தை முழுசாக விற்றால் வியாபாரி வைத்ததுதான் விலை, உடைத்துப் பருப்பாக விற்றால் நாம் வைத்தது விலை என்பது அவருடைய கணக்கு. பருப்பு உடைக்கும் மிஷினுக்கு அரசாங்கம் பாதி மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு என் கடைக்கு வந்தார். நான்தான் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் போட்டேன். கிடைக்காது என்ற நம்பிக்கையில் அவ்வளவு நன்றாகப் போட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அதே மாதம் நான் தொழிலைத் திரும்ப ஆரம்பிக்க ஒரு வங்கியில் கடன் கேட்டிருந்தேன். பழைய தவணை ஒன்று தவறியதைக் காட்டி, இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவருக்கு மிஷின் வந்தது. அதற்கு முன்பே அவர் நிலத்தில் அரசாங்கச் செலவில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டியிருந்தார்கள். அந்த வருஷம் மழையும் அவர் பக்கம் நின்றது. குட்டை நிறைந்த படத்தை என் மனைவியின் போனுக்கு அனுப்பியிருந்தாள் அவள் தங்கை. மனைவி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேப்பருக்குள் போய்விட்டேன்.

இதெல்லாம் புகைச்சல்தான். தீப் பிடித்தது டிவிக்காரர்கள் வந்த அன்றைக்கு.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை. ஒரு காலை நேரம் கேமராவோடு மூன்று பேர் வந்தார்கள். தொழில் நிமிர்ந்திருக்கிறதா, அரசாங்கம் செய்த மாற்றங்கள் உங்களுக்கு உதவியதா, சாதாரண ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். இத்தனை வருஷம் வாசித்ததெல்லாம் இந்தக் கேள்விக்காகத்தானே.

டீக்கடைக்காரர், கூட்டம் வருகிறது, வடை வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றார். ஓர் ஆட்டோக்காரர், வண்டிக் கடன் தீர்ந்தால்தான் நிமிர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியும் என்றார். பிறகு நான். பத்து நிமிஷம் பேசினேன். வரி எப்படி இருக்க வேண்டும், சிறு தொழிலுக்கு ஏன் தனி விகிதம் வேண்டும், லைட்டரைத் தடுப்பதில் எங்கே ஓட்டை இருக்கிறது, ஆன்லைன் மனுவில் எங்கே ஆள் இடறி விழுகிறான் என்று வரிசையாக, அடுக்கி. மைக் பிடித்த பெண் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மிஷினுக்கு பெல்ட் வாங்க வந்த சகலை என்னைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். நீங்க என்ன பண்ணுறீங்க என்று அந்தப் பெண் அவரிடமும் கேட்டாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வெவசாயம். எங்களுக்குக் குட்டை வெட்டித் தந்தாங்க, அதுல தண்ணி நிக்குது. மிஷின் தந்தாங்க, அது ஓடுது. நாடு நிமிர்ந்துச்சான்னு எனக்குத் தெரியாதும்மா. மழை பெஞ்ச வருசம் நாங்க நிமிருவோம், இல்லன்னா குனிஞ்சிக்கிடுவோம்."

அவ்வளவுதான்.

ரெண்டு நாள் கழித்து ஒளிபரப்பானது. மனைவியின் உறவு முழுக்கப் பார்த்தது. சகலை பேசியது முழுசாக வந்தது. நான் அவருக்குப் பின்னால் டீ கிளாசோடு நிற்கிறேன். அவர் பேசப்பேசத் தலையாட்டுகிறேன். என்னுடைய பத்து நிமிஷம் எங்கேயும் இல்லை.

மாமியார் போன் செய்தார். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "சின்ன மாப்பிள்ளை என்னமா பேசுதாரு. ஒன் வீட்டுக்காரரும் பொறத்தால நிக்காரே, பாத்தேன்" என்றார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். பொய்யில்லை. எரிச்சல் என்பது வயிற்றில்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் அந்த மனுவை எழுதினேன்.

மானியத்தில் குழுவுக்குக் கொடுத்த மிஷினை ஒரு தனி நபர் தன் சொந்த நிலத்தில் வைத்து, தன் சொந்த லாபத்துக்கு ஓட்டுகிறார், தக்க விசாரணை நடத்த வேண்டுகிறோம் என்பது சாரம். பாதி உண்மை. மிஷின் அவர் நிலத்தில்தான் இருந்தது. மும்முனை கரண்ட் இழுக்க வசதியான இடம் அந்தக் குழுவிலேயே அவரிடம்தான் இருந்தது என்பது மீதி உண்மை. அது எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் இடம் என்ற கட்டத்தை நிரப்பியவனே நான்தானே.

புகார் சொல்ல இப்போது எத்தனையோ வழி வந்துவிட்டது. போனில் சொல்லலாம், கம்ப்யூட்டரில் போடலாம். எல்லாமே போன் நம்பர் கேட்கும். அதனால் பழைய முறைக்குப் போனேன். தாளில் அடித்து, அடியில் பெயர் இல்லாமல், "ஊர்ப் பொதுமக்கள்" என்று முடித்தேன். கோவில்பட்டி முத்திரை விழக்கூடாது என்று பஸ் ஏறிக் கயத்தாறு போய் அங்கே தபால்பெட்டியில் போட்டேன். என் கடைக்கு வருகிறவர்களிடம், மொட்டை மனு போடாதீங்க, அதுக்கு மதிப்பில்லை, தைரியமா பேர் எழுதுங்க என்று சொல்கிறவன் நான். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனசு லேசாகவே இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

ரெண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் சகலை கடைக்கு வந்தார். கையில் ஒரு அரசாங்கக் கடிதம். முகம் கறுத்துக் கிடந்தது. யாரோ மொட்டை மனு போட்டிருப்பதாகப் போன மாதமே ஆபீசில் சொன்னார்கள், இப்போது விசாரணைக்கு அதிகாரி வருகிறார், எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றார்.

"நீங்கதான் பதில் எழுதித் தரணும் அண்ணாச்சி. எனக்கு வேற யாரத் தெரியும்?"

மனுவின் நகலும் இருந்தது. நான் எழுதியதை நானே புதிதாக வாசிப்பது போல ஒவ்வொரு வரியாக வாசித்தேன். யார் மேல் சந்தேகம் என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அவர் பக்கத்து நிலத்துக்காரர் பெயரைச் சொன்னார். தெலுங்கு பேசுகிற குடும்பத்துப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், குழுவில் அவரும் ஓர் ஆள். வரப்புத் தகராறு ஒன்று ரொம்ப நாளாக உண்டு. அவராகத்தான் இருக்கும் என்று ஊரில் முடிவே கட்டிவிட்டார்களாம். அவருடைய உளுந்துக்கு மிஷினில் முறை விடுவதில்லையாம். மூட்டை அவர் வீட்டிலேயே வண்டு விழுந்து கிடக்கிறதாம். டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுகிறார்களாம்.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். பதிலை அடித்துக்கொடுத்தேன். அதுவும் பிழையில்லாமல். என் குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் எங்கே அடித்தால் விழும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அவர் வாசித்துவிட்டு, மனுப் போட்டவன் இதைப் பார்த்தால் தூக்கு மாட்டிக்கொள்வான் என்றார். விசாரணைக்கு நீங்களும் கூட வரணும் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

போனேன். அந்தக் கொட்டகையை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். கூப்பிட்டபோதெல்லாம் தட்டிக்கழித்து வந்திருந்தேன். சிமெண்ட் தரை, உயரமான கூரை, ஒரு பக்கம் மூட்டைகள் ஊர்வாரியாக, பெயர்ச்சீட்டோடு. மிஷின் ஓடுகிற சத்தம் நெஞ்சுக்கூட்டில் கேட்டது. என் கொட்டகையைவிட நல்ல கொட்டகை. அதைப் பார்த்தவுடன் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை, பழைய எரிச்சல்தான்.

ஆறு பெண்கள் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி எழுந்து, "என்ன மொதலாளி, இங்கன வந்திருக்கீங்க?" என்றாள். என் தீப்பெட்டி ஆபீசில் ஒன்பது வருஷம் குச்சி அடுக்கியவள். பக்கத்தில் இன்னும் ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் என்னிடம் இருந்தவர்கள்தான். கோவில்பட்டியில் இருந்து காலை பஸ்ஸில் வந்து போகிறார்களாம். வேலை எப்படி என்று கேட்டேன். மருந்து வாடை இல்லை, வீட்டுக்குப் போனதும் பிள்ளை மேலே வந்து விழுகிறது என்றாள். நான் மூடிய அன்று வாசலில் நின்று அழுதவள் அவள்.

என் ஆட்கள் அவரிடம். நான் எதையெல்லாம் இழந்தேனோ அதெல்லாம் அவர் கொட்டகையில் வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

வந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். மிஷினையும் ரிஜிஸ்டரையும் பார்த்துவிட்டு, குழு ஆட்களை வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லாரும் சகலைக்காகப் பேசினார்கள். கடைசியில் பெரியவர். அவர் தனியாக, வேம்புக்குக் கீழே கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். சகலை தரையைப் பார்த்தார்.

பெரியவர், இடம் குழுவே பேசி முடிவு பண்ணியதுதான், தானும் அதில் கைநாட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். சகலைக்குத் தனி லாபம் ஒன்றுமில்லை, எல்லாருக்கும் ஒரே கூலிதான் என்றார். ஒரு மாதத்துக்கு மேலாகத் தன் உளுந்து உடைபடாமல் கிடப்பதைச் சொல்லவில்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டாள்.

"முன்னால ஒரு கையெழுத்துக்கு நாலு தடவ ஆபீசுக்கு நடப்பேன். இப்ப போன்லயே எல்லாம் வருதும்மா. வாரத வாசிச்சுச் சொல்லத்தான் ஆள் இல்ல. அதுக்கு ஏதாவது வழி பண்ணுங்க" என்றார்.

அவள் குறித்துக்கொண்டாள். புகாரில் உண்மையில்லை என்று எழுதி அங்கேயே முடித்துவிட்டுப் போனாள்.

சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு என்னை சகலை வண்டியில் கூட்டிப்போனார். ரெண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. அந்தக் கிழவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். போட்டதையும் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாகிவிட்டானே என்றார். என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"தம்பி, அந்த மனு நான் போட்டது."

அவர் இஞ்சினை அணைத்தார். "எதுக்கு அண்ணாச்சி?" என்றார். கோபம் இல்லாமல் கேட்டார். ஏதோ ஒரு சட்டத்துக்கு விளக்கம் கேட்கிற மாதிரி.

"நீங்க நல்லா வந்துட்டீங்க. என்னால தாங்க முடியல" என்றேன்.

சோளக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வண்டில ஏறுங்க" என்றார். ஏறினேன். பஸ் நிறுத்தத்துக்கு இல்லை, வண்டி ஊரைப் பார்த்துத் திரும்பியது. பெரியவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மாமா, நான் உங்கள தப்பா நெனச்சிட்டேன். இவியளுக்கு ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

சொன்னேன். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். "அந்த மனுவ எனக்கும் வாசிச்சுக் காட்டுனாங்க. சுத்தமா எழுதியிருந்துச்சு. பேரு மட்டும் எழுத மறந்துட்டீராக்கும்" என்றார். பிறகு உள்ளே பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். காப்பி வந்தது. அவர் இடுப்பில் இருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டி, ரெண்டு மாதமாக ஒரு செய்தி வருகிறது, என்னவென்று பாரும் என்றார். பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், அதனால் உதவித்தொகை நின்றிருக்கிறது. மறுநாளே கடைக்கு வரச்சொல்லி அதைச் சரிபண்ண மனுப் போட்டேன். மூன்று தடவை திரும்பி வந்தது. நாலாம் தடவை நானே அவரோடு ஆபீசுக்கு நடந்தேன். கிடைத்தது.

நான் ஒப்புக்கொண்ட அன்று சாயங்காலமே பெரியவர் வீட்டு மூட்டையை சகலை தானே தூக்கிக்கொண்டு போய் உடைத்துக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

என் சகலை இதை யாரிடமும் சொல்லவில்லை. தன் மனைவியிடம்கூட. எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மனைவியும் அவள் தங்கையும் தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசுகிறார்கள், இன்னும் சிரித்துச் சிரித்துத்தான் பேசுகிறார்கள். பெரியவரும் சொல்லவில்லை. ஊருக்கு, மனு யார் போட்டது என்பது தெரியாமலே போய்விட்டது, பெரியவர் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. நான்தான் ஆறு மாதம் கழித்து என் மனைவியிடம் சொன்னேன். "டீவில வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், நீங்க ஏதாவது செய்வீங்கன்னு" என்றாள். நாலைந்து நாள் சாப்பாட்டை மேஜையில் மூடிவைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

சகலை என் வீட்டுக்கு வருவதில்லை. கல்யாணம், சடங்கு என்றால் பார்த்துக்கொள்வோம், எப்ப வந்தீக என்பார். கடைக்கு மட்டும் வருகிறார். வேறு கடை இல்லாமலா? எதிரிலேயே ரெண்டு இருக்கிறது. ஏன் என்னிடமே வருகிறார் என்று நான் கேட்டதில்லை. மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் எழுந்து வந்து, எல்லாரும் கொடுக்கிற கூலியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். மேஜையில் வைத்துவிட்டு நடந்துவிட்டார்.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. அவருடைய மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது வந்தது. போன வருஷம் மழை பொய்த்து அவருக்கு உளுந்து கருகியபோது கொஞ்சம் தணிந்தது. அது தணிந்ததை நான் கவனித்தேன், அதற்காக வெட்கப்பட்டேன், ஆனாலும் தணிந்தது. அப்படி ஒரு துரோகத்தைத் தெரிந்துகொண்டு அவரைப் போல வாயைத் திறக்காமல் இருக்க என்னால் முடியுமா என்று யோசிக்கும்போதும் வருகிறது. அதுதான் எல்லாவற்றிலும் மோசம். மிஷினையாவது மானியத்தில் வாங்கிவிடலாம்.

போன வாரம் வந்தார். மிளகாய் அரைக்கும் மிஷினுக்குக் குழு விண்ணப்பிக்கிறது. நான் கட்டம் கட்டமாகக் கேட்டேன், அவர் சொன்னார். சர்வர் மெதுவாக இருந்தது. காத்திருக்கும்போது, நீங்க திரும்ப ஏதாவது தொழில் ஆரம்பிக்கலியா என்று கேட்டார். வங்கியில் மறுபடி கேட்டிருப்பதாகச் சொன்னேன். கிடைக்கும், போட்டு வையுங்க என்றார். அதில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை.

எல்லாம் நிரப்பியாயிற்று. அனுப்பு என்ற பொத்தானுக்கு மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றேன். இது நிராகரிக்கப்பட்டால் நன்றாக இருக்கும் என்று மனசுக்குள் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது. நான் இன்னொரு தடவை முதலில் இருந்து சரிபார்த்தேன். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. திருத்தி, அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டு வெளியே வந்தது. அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார். பெஞ்சில் அடுத்து இருந்த அம்மாள் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள்.